உடம்புக்குள் ஊதும் சங்கு

(சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் கலைகிற நேரத்தில் ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்க்கும் தோழர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “இருபது வருஷமா நைட் ஷிப்ட் பாக்குறேன் தோழரே. இன்னமும் விடியக்காலம் மூணு மணிக்குக் கண்ணு சொக்குது. சாப்பிட்டது செரிக்க மாட்டேங்குது. ‘இன்னுமா பழகல?’ன்னு மேஸ்திரி ஏசுறாரு. ஏன் பழகல?” என்றார்.

அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. நாங்கள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவது கடமையல்லவா? தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இன்று சொல்கிறோம்.

தூங்குமூஞ்சி மரத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பொழுது சாய்ந்தால் இலையை மடக்கும், விடிந்தால் விரிக்கும். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இப்படிச் செய்கிறது என்று நினைப்போம். 1729-ல் பிரான்சு தேசத்தில் தெமெரான் என்பவர் இதே மாதிரி இலை மடக்கும் ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது வேளை தவறாமல் இலையை விரித்தது. ஆக, கடிகாரம் வெளியே மட்டுமில்லை, செடிக்குள்ளேயும் இருக்கிறது.

செடிக்குச் சரி, பால் கொடுக்கும் பிராணிகளுக்கு? இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் சமணர் மலைக் குகையில் வௌவால்களை வைத்து ஆராய்ந்தார்கள். குகையின் உட்பகுதியில் இரவும் பகலும் ஒன்றுதான், ஒரே இருட்டு. அங்கே கூண்டில் அடைத்த வௌவாலும், வெளியே பறந்து போய்வரும் தன் கூட்டத்தோடு ஒரே நேரத்தில் சிறகடித்தது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக அடைத்தபோதும் அதன் தாளம் நிற்கவில்லை. ஆனால் ஊர்க் கடிகாரத்தோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. 1981-ல் இதை வெளியிட்டார்கள். கூட்டத்தோடு இருக்கிற வௌவாலுக்குக் கூட்டமே கடிகாரத்தைத் திருத்திக் கொடுக்கிறது! (இது படிப்பு வட்டத்துக்கு வராதவர்கள் காதில் விழ வேண்டும்.)

பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களையும் வாரக்கணக்கில் தனி அறையில் தங்க வைத்துப் பார்த்தார்கள். சூரியன் இல்லை, கடிகாரம் இல்லை, ரேடியோ இல்லை. அப்போதும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் பல நாடுகளிலும் நடந்தன. மனிதனின் உள் கடிகாரம் 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது, தினசரி சூரிய வெளிச்சம்தான் அதைச் சரிசெய்து வைக்கிறது என்று அவை காட்டின. ‘சற்றுக் கூடுதல்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? இரண்டு கண்ணிலிருந்தும் போகிற நரம்புகள் மூளைக்கு அடியில் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. மில்லில் சங்கு ஊதுகிற இடம் மாதிரி. அதோடு முடியவில்லை. ஈரல், நுரையீரல், இருதயம், குடல் ஆகிய ஒவ்வொன்றின் செல்லுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் உண்டு.

அது பல் சக்கரம் வைத்த கடிகாரமல்ல, ஜீன்களால் ஆனது. ஜீன் என்பது இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று செல்லுக்குச் சொல்லும் எழுத்து. ‘பீரியட்’ என்று பெயரிட்ட ஒரு ஜீன் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அந்தச் சரக்கு மெல்ல மெல்லச் சேர்கிறது. நிறையச் சேர்ந்ததும் வேறொரு புரதத்தோடு கூடிக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் திரும்பி வந்து தன்னைச் செய்த ஜீனையே அடைக்கிறது. உற்பத்தி நிற்கிறது. இருக்கும் சரக்கு கரைந்ததும் மறுபடி திறக்கிறது. கிடங்கில் தீப்பெட்டி பண்டல் தேங்கினால் ஆபீசை மூடுவதும், விற்றுத் தீர்ந்தால் திறப்பதும் நாம் பார்க்காததா? இங்கே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம், அவ்வளவுதான் வித்தியாசம். ஈயில் இந்த ஜீனை ஆராய்ந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பிலும் அதே வகை ஜீன்தான் ஓடுகிறது.

இந்தக் கடிகாரம் மற்ற ஜீன்களையும் வேளை பார்த்துத் திறந்து மூடுகிறது. 2014-ல் எலியின் 12 உறுப்புகளை ஆராய்ந்தபோது, புரதம் செய்யும் ஜீன்களில் 43 சதவீதம் ஏதாவது ஓர் உறுப்பில் நாள்தோறும் ஏறி இறங்குவது தெரிந்தது. அதில் ஈரலுக்குத்தான் முதல் இடம். எலி இரவில் திரியும் பிராணி. நம்மைப் போலப் பகலில் நடமாடும் பபூன் குரங்கை, ஒடிசாவில் பிறந்த சச்சிதானந்த பண்டாவும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் என்று ஒரு முழு நாள், 64 வகைத் திசுக்கள். புரதம் செய்யும் ஜீன்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஏதேனும் ஒரு திசுவில் தாளத்தோடு ஓடின. காலையிலும் பிற்பகலிலும் நெரிசல், முன்னிரவில் ஓய்வு.

இனி நம் தோழரின் கேள்விக்கு வருவோம். மூளையிலுள்ள கடிகாரம் சூரியனைப் பார்க்கிறது. ஈரலிலுள்ள கடிகாரமோ பெரும்பாலும் சோற்றைப் பார்க்கிறது. ஜெனீவாவில் ஷிப்ளர் என்பவரின் குழு 2000-ல் எலிகளுக்கு அவை தூங்கும் பகல் வேளையில் மட்டும் தீனி போட்டது. சில நாளில் ஈரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பியது. மூளையின் கடிகாரம் அசையவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தூக்குச் சட்டியைத் திறக்கிற நைட் ஷிப்ட் தொழிலாளியின் கதியும் இதுதான். புளோரூம் பகல் ஷிப்டிலும் ஸ்பின்னிங் இரவு ஷிப்டிலும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓடினால் நூல் என்ன லட்சணத்தில் வரும்?

பழகாதா என்றால், ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதே காலை வெயில் கண்ணில் பட்டு, சங்கைப் பழைய நேரத்துக்கே திருப்பிவிடுகிறது. லீவு நாளில் பிள்ளைகளோடு பகலில் விழித்திருக்கிறோம், இரவில் படுக்கிறோம். வருஷக்கணக்கில் இரவு வேலை பார்த்தவர்களிலும் மிகச் சிலருக்குத்தான் கடிகாரம் முழுதாகத் திரும்புகிறது. ஆகவே மேஸ்திரியின் ஏச்சுக்குப் பதில் இது: பழகாதது சோம்பேறித்தனமல்ல, உடம்பின் சுபாவம்.

இது தூக்கத்தோடு போகிற விஷயமுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்தத் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி பரிசீலித்து, இரவு ஷிப்ட் வேலையை அதே இடத்தில் வைத்தது. செய்பவர்கள் எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமல்ல, பயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் டென்மார்க்கில் நெடுங்காலம் இரவு வேலை செய்து மார்புப் புற்றுநோய் கண்ட பெண்கள் சிலருக்கு இழப்பீடே கொடுத்திருக்கிறார்கள். இங்கே, பெண்களுக்கு இரவு வேலை கூடாதென்ற தொழிற்சாலைச் சட்டத் தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு ரத்துச் செய்தது. வேலை உரிமை வேண்டியதுதான். அந்த உரிமையோடு வருகிற உடம்புக் கணக்கை யார் பார்ப்பது?

12 மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அன்று கூலி, ஓய்வு பற்றி நிறையப் பேசினோம். இந்தக் கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நாங்களும்தான்.

சிவகாசிக்காரர்கள் ‘பட்டாசு ஆபீசில் பகல் வேலைதானே’ என்று சொல்லக்கூடும். 1970, 80-களில் கிராமங்களுக்குப் போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ், விடியுமுன் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவந்த ஊர் இது. இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமார்களில் சிலருக்கு அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

இரவு வேலை அடியோடு நிற்கும்வரை என்ன செய்வது? பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குப் போகுமுன் முடியுங்கள், நடுச்சாமத்தில் வயிற்றை நிரப்பாதீர்கள். பகலில் படுக்கும் இடத்தை இருட்டாக்குங்கள். ஒற்றை அறைத் தகர வீட்டில் அது லேசல்ல என்று எங்களுக்குத் தெரியும். அதனால் சங்கம் கேட்க வேண்டியதைச் சொல்கிறோம். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஓர் உப்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் சுற்றும் திசையை மாற்றிப் பார்த்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுற்றவிட்டு, வாரத்துக்கு ஒரு முறை மாற்றியதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்கினார்கள். தொழிலாளிகளின் உடல்நிலை தேறியது, வேலையை விட்டு ஓடுவது குறைந்தது, உற்பத்தியும் கூடியது. உள் கடிகாரம் 24-க்குச் சற்றுக் கூடுதல் என்றோமே, அதனால் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குச் சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம்.

கேள்வி கேட்ட தோழரிடம் விசாரித்தோம். அவருடைய மில்லில் இரவு முடிந்து மதியம், மதியம் முடிந்து காலை என்று வாரா வாரம் பின்னோக்கிச் சுற்றுகிறதாம். மற்ற மில் தோழர்கள் உங்கள் ஷிப்ட் அட்டவணையை ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.