சுபேதாருக்கு மேலே

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. இன்னைக்குக் கவிதை இல்லை. ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றிப் பேசப் போறேன்.

என் தாத்தா 1941-ல் பட்டாளத்துக்குப் போனவர். பெங்களூர் சாப்பர்ஸ். 1963-ல் ஜமேதாராகத் திரும்பி வந்தார். அங்கே அவர் குரல் கொடுத்தால் ஒரு பிளட்டூனே விறைத்து நிற்கும். லீவில் வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஊர்த்தெருவைத் தாண்டி, சேரி எல்லையில் வைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். இதைச் சொன்னது பாட்டி. சின்னப் பிள்ளையில் நான் அவரிடமே கேட்டேன், "ஏன் தாத்தா கழட்டுனே?" அவர் சொன்னார்: "அங்கதான்டா நான் ஜமேதாரு."

இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருசம் ஆச்சு.

ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற இந்தப் பதவிகள் என்ன? வெள்ளைக்காரன் படையில் நெடுங்காலம் இந்தியன் ஏறக்கூடிய கடைசிப் படிகள். பிற்காலத்தில் 'வைசிராய் கமிஷன் அதிகாரி' என்று பெயர் வைத்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு மன்னரின் கமிஷன், இவர்களுக்கு வைசிராயின் கமிஷன். அதிகாரி என்பது பெயர்தான். இருபத்தைந்து வருசம் சண்டை பார்த்த சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இருபது வயசு வெள்ளைக்கார லெப்டினன்டுக்குக் கீழேதான். வெள்ளைச் சிப்பாய் அவருக்குச் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. அவர் கட்டளை இந்தியச் சிப்பாய்க்கு மட்டுந்தான் செல்லும்.

அப்புறம் எதுக்கு அந்தப் பதவி? வெள்ளை அதிகாரிக்குச் சிப்பாயின் மனசு தெரியாது. யார் வீட்டில் சாவு, யாருக்குள் சண்டை, எவன் முணுமுணுக்கிறான் என்பதெல்லாம் சுபேதாருக்குத்தான் தெரியும். மேலிருந்து வரும் உத்தரவைக் கீழே வலிக்காமல் இறக்கணும். கீழே கிளம்பும் கோபத்தை மேலே போகாமல் அமுக்கணும். இதுதான் வேலை. தன் சனத்தின் மேல் மட்டும் செல்லுபடியாகும் அதிகாரம். தோழர்களே, இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பின்னாடி தேவைப்படும்.

அதுக்காக அந்தப் பதவி நமக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ஒரு சுபேதார். ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அம்பேத்கர் 1891-ல் பிறந்ததே மாவ் பட்டாள ஊரில்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில் பட்டாளத்துப் பள்ளி எழுத்தைக் கொடுத்தது. கூலி கேட்டுக் கையேந்தாத பென்ஷனைக் கொடுத்தது. நிமிர்ந்து நிற்கும் முதுகைக் கொடுத்தது.

ஆனா அந்த சுபேதார் வீட்டுப் பிள்ளைக்கு 1901-ல் என்ன நடந்தது? அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல சட்டை, சரிகைத் தொப்பி. ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்றே நினைக்கிறார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. வண்டிக்காரன் ஏற்ற மறுக்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி. அதிலும் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான். கூடையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுபேதாரின் நட்சத்திரம் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கித் தரவில்லை. என் தாத்தாவின் பூட்ஸ் மாதிரியேதான்.

அந்தப் படியையாவது விட்டுவைத்தார்களா? 1818-ல் கோரேகானில் சண்டை போட்ட மகர்களை 1890-களின் தொடக்கத்தில் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 'போர்க்குணச் சாதிகள்' என்று ஒரு கோட்பாடு. நான் அதை இப்படி வாசிக்கிறேன்: பட்டாளத்தில் சீனியாரிட்டி உண்டு. நம்மாள் சிப்பாயாக மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை, செத்துப் போகலாம். சுபேதார் ஆனால்? ஆதிக்கச் சாதிக்காரன் சல்யூட் அடிக்கணுமே! கோட்பாட்டுக்கு உள்ளே இந்தக் கை உறுத்தலும் இருக்கு. 1910-ல் சிவராம் ஜான்பா காம்ப்ளே கதவைத் திற என்று மனுப் போட்டார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது, 1917-ல் மகர் படை. போர் முடிந்தது, 1921-ல் கலைத்தாச்சு. மறுபடி போர், 1941-ல் மகர் ரெஜிமென்ட். நம்ம பக்கமும் இதே கதை. பறையர்கள் நிறைந்திருந்த மெட்ராஸ் பயோனியர்ஸை 1933-ல் கலைத்தார்கள். சாகிறதுக்கு ஆள் வேணும்னா கூப்பிடு, சம்பளம் கொடுக்கணும்னா அனுப்பு.

1947-க்குப் பிறகு வைசிராய் போனார், பதவி போகலை. 'ஜூனியர் கமிஷன்ட் அதிகாரி' ஆச்சு. 1965-ல் ஜமேதார் 'நாயப் சுபேதார்' ஆனார். தனித் தங்கும் இடம், 'சாப்' என்ற மரியாதை எல்லாம் உண்டு. ஓய்வு பெறும் காலத்தில் ஜனவரி 26-க்கோ ஆகஸ்ட் 15-க்கோ சிலருக்குக் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பட்டமும் உண்டு. மேலே உட்காரும் அதிகாரி வேறு வாசலில் வருகிறார். அந்த வாசலிலும் சரி, இந்த வாசலிலும் சரி, பட்டியல் சாதிக்கு இடஒதுக்கீடு கிடையாது. இப்போ கீழ்ப்படிக்கே ஆபத்து. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் நாலு வருசம்தான் வேலை. அதுக்கப்புறம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் தொடர முடியாது. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. சேரிப் பையன் சுபேதார் ஆவதற்கு இருபது வருசம் வேணும். நாலு வருசத்தில் அனுப்பப்படுகிறவன் எங்கே ஆவான்?

பட்டாளத்தோடு இது முடிஞ்சிடலை. நான் பேங்க் கிளார்க். போன வருசம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு லிஸ்ட் கொடுத்தார். கடன் கட்டாதவர்கள், எல்லாம் சேரி ஆட்கள். "நீங்க போய்ப் பேசுங்க சார், உங்க ஆளுங்கதானே" என்றார். பணிவாத்தான் சொன்னார். அதே கிளையில் கோடிக்கணக்கில் பாக்கி வைத்த ரைஸ்மில்காரர் வீட்டுக்கு என்னை அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டார்.

அந்த நிமிசம் தாத்தா ஞாபகம் வந்தது. தன் சனத்தின் மேல் மட்டும் செல்லுபடியாகும் அதிகாரம்! என் தோளில் நட்சத்திரம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் லிஸ்டைத் திருப்பிக் கொடுத்து, "அந்த ரைஸ்மில் லிஸ்டையும் சேர்த்துக் கொடுங்க சார், ரெண்டுக்கும் போறேன்" என்றேன். அவர் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

கட்சிகளைப் பாருங்கள். நம்மவருக்கு எந்தப் பொறுப்பு? ஆதிதிராவிடர் அணி. மாவட்டம் முழுக்க உத்தரவு போடுகிற நாற்காலியில் யார்? சேரியில் கலவரம் என்றால் யாரை அனுப்பிச் சமாதானம் பேசச் சொல்கிறார்கள்? சுபேதாரைத்தான்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிடைக்கிற பதவியை வேண்டாம் என்று வீசாதீர்கள். வீசிவிட்டு வெறுங்கையோடு நிற்க நமக்குச் சொத்து இல்லை. ராம்ஜி சுபேதார் தன் பதவியைப் பிள்ளையின் படிப்பாக மாற்றினார். ஆனா ஒவ்வொரு பதவியிலும் ரெண்டு கேள்வி கேளுங்க: என் கட்டளை யார் மேல் செல்லும்? யார் மேல் செல்லாது? செல்லாத இடம் எதுவோ, அங்கேதான் நம்ம சண்டை.

அந்த பூட்ஸ் இன்னும் எங்க வீட்டுப் பரணில் இருக்கு. தோல் வெடிச்சுப் போச்சு. போன பொங்கலுக்கு என் அக்கா மகள் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டொக்கு டொக்குன்னு ஊர்த்தெரு வழியா நடந்து போய்ட்டு வந்தாள். ரெண்டு பேர் முறைச்சாங்களாம். அவள் கழட்டலை.