நடுவழியில் மாறிய விதி

பிரிட்டனில் மேற்பயிற்சி பெறும் வெளிநாட்டு டாக்டர்களுக்கு வேலைப் பர்மிட் வேண்டுவதில்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. அதனை நம்பி நம்மவர் பலர் கடன்பட்டுக் கடல் கடந்து, தகுதித் தேர்வும் எழுதினர். 2006 ஏப்ரலில் அவ்விதி நீக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததோ முந்திய மாதத்தில்தான்!

உயர்திறனாளர் விசா பெற்றிருந்தோரேனும் தப்பினரா? அதுவுமில்லை. பயிற்சி முடியுமுன் விசா முடிவுறுமாயின், பிரிட்டிஷாரோ ஐரோப்பியரோ கிடைக்காதபோதே அவர்களை அமர்த்துமாறு சுகாதார இலாகா ஆஸ்பத்திரிகளுக்கு அறிவுறுத்திற்று. விசாவைப் புதுப்பிக்கலாம் என்பது கணக்கில் கொள்ளப்படவில்லை. பார்லிமெண்டின் முன் வைக்கப்படாத வெறும் அறிவுரை அது. இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கத்தார் வழக்காடினர். 2008 ஏப்ரல் 30இல் பிரபுக்கள் சபை அதனைச் சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. பழைய சலுகை மீளவில்லை. இடையில் ஊர் திரும்பிவிட்டவர்களுக்கு இத்தீர்ப்பும் காலங்கடந்தே வந்தது.