சுத்திகரிப்பு நிலையம் மட்டும் போதுமா?

(வியாபாரிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... இவ்வூர்களில் நம்மவர் பலருடைய வீட்டில் அடுப்பெரிவது தோல் தொழிலால்தான். அதனாலேயே, பாலாற்றைப் பற்றி யாராவது வாய் திறந்தால், "நம்மைக் குறிவைக்கிறார்கள்" என்று கொதித்துவிடுகிறோம். கொதிக்கும் முன் ஆற்றங்கரைக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, வாயில் வைத்துப் பாருங்கள்!

பாலாறு மணலாறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே வறண்டிருக்கும். அடியில் நீர் ஊறும். அதில் விட்ட கழிவு கண்ணுக்கு மறையும், கிணற்றில் தலைகாட்டும். அந்தக் கிணற்றுக்காரர் விவசாயி. அவர் இந்துவாகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார். உப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. "மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் ஊர் வழக்குக்கும் பங்குண்டு. பெருமைப்படவா, வெட்கப்படவா?

தனியாக நிலையம் அமைக்க வசதியில்லாத சிறு டேனரிகள் ஒன்றுசேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. நல்ல காரியம். ஆனால் அது மந்திரக்கோல் அல்ல. தொட்டியில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் அழுகும் பொருளைத் தின்னும். குரோமியம் சேற்றோடு படியும். கரைந்த உப்போ அப்படியே வெளியேறும்! அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டி வேண்டும்; மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்ய வேண்டும். மின்சாரச் செலவு கூடும். கடைசியில் உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். அதை எங்கே கொட்டுவீர்கள்?

ஆகவே வேலை நிலையத்தில் தொடங்குவதில்லை. உங்கள் டேனரி வாசலில் தொடங்குகிறது. உப்பிட்ட பச்சைத் தோலை நனைக்கும் முன் நன்றாக உதறுங்கள். உதறிய உப்பு ஆற்றுக்குப் போகாது. குரோமியக் கழிவைத் தனிக் குழாயில் பிரியுங்கள். அதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தலாம், பணமும் மிச்சம். நிலையத்துக்குரிய பங்கை நேரத்தில் கட்டுங்கள். இரவில் திருட்டுத்தனமாக ஓடையில் திறந்துவிடுபவர் ஒருவர் போதும், நூறு பேருடைய செலவு வீண்.

சேற்றையும் மறக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள். அந்தத் தாய்மார்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பெழுதியது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை அரசு கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

இளைஞர்களே! நாளை கணக்குப் புத்தகம் உங்கள் கைக்கு வரும். லாபத்தை மட்டும் வாரிசாக வாங்காதீர்கள், கடனையும் வாங்குங்கள். தண்ணீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்தவன் கிணற்றைக் கெடுத்துச் சேர்த்த காசு, எத்தனை தர்மம் செய்தாலும் உறுத்திக்கொண்டே இருக்கும். நீதிமன்றம் மூன்றாம் முறை அழைக்கும் முன், நாமே ஆற்றங்கரைக்குப் போவோம்!