மதுரைப் பக்கத்து அணி வாங்கிய கோப்பை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண்களும் சேமிப்பும்’. எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதை நன்றாகவே பேசிவிட்டார்கள். அதனால் தலைவியிடம் கேட்டுக்கொண்டு, நான் கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. கடைசியில் உங்களிடம் ஒரு கையெழுத்து கேட்பேன்.

2019-ம் வருஷம் மே 22-ம் தேதி. பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் குருநானக் ஸ்டேடியம். இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம் அன்றைக்கு. ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் அணி. எதிர்ப்பக்கம் சேது எஃப்.சி., நம்ம மதுரை அணி. காரியாபட்டிப் பக்கம் சேது இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறதே, அந்த நிறுவனத்தார் வளர்த்த அணி. திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மணிப்பூர் பெண்கள் என்றால் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெண்கள் கால்பந்தில் தேசியப் பட்டத்தை அதிகத் தடவை வாங்கிய மாநிலம் அதுதான். இம்பாலில் இமா கைத்தல் என்று ஒரு சந்தை உண்டு. ‘அம்மாக்கள் சந்தை’ என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான பெண்கள் கடை போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் எல்லோருமே பெண்கள்தான். நம்ம ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் முழுக்கப் பெண்கள் கையில் இருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த அணியைத்தான் நம் பக்கத்து அணி 3-க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தது. அந்த லீக் ஆரம்பித்து அது மூன்றாவது பட்டம். தமிழ்நாட்டு அணி ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை.

சேது அணியில் எல்லோரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் என்று நினைக்காதீர்கள். கோல் அடிப்பதில் பேர் வாங்கிய சபித்ரா பண்டாரி நேபாளத்துக்காரர். வெளிமாநிலப் பிள்ளைகளும் உண்டு. பாஷை வேறு, சாப்பாடு வேறு. ஆனால் பந்தைக் கொடுக்கும்போது யார் எந்த ஊர் என்று பார்க்க நேரம் கிடையாது. இந்த அணிக்கு ஆடியவர்களில் கடலூர் இந்துமதி கதிரேசனும் ஒருவர். இந்திய அணிக்கும் ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னை ரோட்டில் காக்கிச் சட்டையோடு டூட்டி பார்த்தார். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் ‘ஆடி என்னத்தைக் கண்டாள்’ என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் பதில்தான் காதில் ஏறுகிறது. எனக்கு அந்தப் பதில் மட்டும் போதவில்லை. வேலை கிடைக்காவிட்டாலும் பிள்ளை ஓடி ஆடணும்.

2022 மே 26-ம் தேதி புவனேஸ்வரத்தில் நடந்ததையும் சொல்லணும். சேதுவும் கேரளத்துக் கோகுலம் அணியும் அதுவரை எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து வந்து கடைசி ஆட்டத்தில் மோதினார்கள். அதே 3-க்கு 1 கணக்கு, ஆனால் இந்தத் தடவை தோற்றது நம்ம பக்கம். அதுக்காக அணியைக் கலைத்துவிடவில்லை. ஒரு தவணை தவறினால் குழுவை மூடிவிடுவோமா நாம்?

பெண்களுக்கு இது புதுசா வந்த ஆட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்ற ஊரில், முதல் உலகப்போர் சமயம், குண்டு தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெண்கள் அணி சேர்த்து ஆடினார்கள். நம்ம வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி ஷிப்ட் வேலைக்காரிகள். 1920 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். டிக்கெட் பணம் தர்மக் காரியத்துக்குப் போனது. அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், ‘இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல’ என்று சொல்லி அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. ஐம்பது வருஷம் கழித்துத்தான் தடை போனது. பாருங்க, பந்தைப் பிடுங்கவில்லை, காலை ஒடிக்கவில்லை. மைதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

இங்கேதான் என் விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், கோல் கீப்பர். பெரியவள் ஆனதும் என் மாமியார், “இனிமே பந்து எதுக்குத்தா, காலை மடக்கி உக்காரச் சொல்லு” என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அரை டவுசர் வேண்டாம் என்றால் முழுப் பேண்ட் போட்டு ஆடட்டும் என்று பேசி முடித்தேன். குழுவில் 2,000 ரூபாய் உள்கடன் எடுத்து பூட்ஸும் கையுறையும் வாங்கினேன். பத்துத் தவணையில் கட்டி முடித்தாச்சு, நோட்டில் இருக்கிறது. இப்போது மாமியாரே அந்தக் கையுறையை வெயிலில் காயப்போடுகிறார்.

வீட்டுக்குள் இருந்த தடை அப்படித் தீர்ந்தது. வெளியே இருப்பது தீரவில்லை. ஊரில் இருக்கிற ஒரே பொட்டலில் சாயங்காலம் முழுக்கப் பையன்கள் கிரிக்கெட். பிள்ளைகள் ஓரத்தில் சீமைக்கருவேல முள்ளுக்குள் பந்தைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள். பதினாலு பிள்ளைகள் ஆட வந்தார்கள். இப்போது எட்டுப் பேர். நின்றுபோன ஆறு பேரின் அம்மாக்களில் நான்கு பேர் இந்தப் பந்தலில்தான் இருக்கிறீர்கள். பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை, அந்தப் பொட்டல் பிள்ளைகளுக்கு என்று கிராம சபையில் தீர்மானம் வரணும். அதுக்கு நம்ம கூட்டமைப்பு மனு கொடுக்கணும். மனுவை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசலில் மோர் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் இப்போது நம்மில் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முள் வெட்டப் போகிறோம். அரிவாள் இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள், செருப்புப் போட்டு வாருங்கள். டீ என் செலவு.