எச்.ஐ.வி.யும் தண்டனைச் சட்டமும்
(திருப்பூரில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைக்கிறவர்களும் அயர்ன் போடுகிறவர்களும் இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது, "வெளியே தெரியுமா?" என்று முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "போலீஸுக்குப் போகுமா?" இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற வாலிபர் 64 நாட்கள் பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் காவலில் அடைக்கப்பட்டார். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. தானமாகக் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது, அவ்வளவே. அந்த மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. தாயார் லூசி வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றமோ சட்டம் செல்லும் என்றது. டொமினிக் 1992இல் மரித்தார்.

1998இல் உச்சநீதிமன்றம், தொற்றுள்ளவர் திருமணம் செய்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளின்படி குற்றமாகும் என்றது. 2002இல்தான் அந்தக் கருத்து விலக்கப்பட்டது. ஆனால் 1860ஆம் ஆண்டின் அந்தப் பிரிவுகள் போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்று எண் மாறி நிற்கின்றன. ஆறு மாதம், இரண்டு வருடம் என்ற அதே தண்டனைதான். நல்லதொரு வாய்ப்பை விட்டுவிட்டார்கள் என்பதே எங்கள் எண்ணம்.

"வேண்டுமென்றே பரப்புகிறவனை விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே தீங்கு செய்பவனைத் தண்டிக்க, காயம் விளைவிப்பதற்கான பொதுவான பிரிவுகள் உண்டே! நோய்க்கென்று பிரிவு வைத்தால் மாட்டுவது யார்? கர்ப்பிணிக்குத்தான் முதலில் பரிசோதனை செய்கிறோம். புருஷன் தப்பித்துக்கொள்வான், "தெரிந்தவள்" அவளே ஆவாள். தெரிந்திருப்பதே குற்றத்துக்குச் சாட்சியானால், தெரியாமல் இருப்பதே பத்திரம் என்று ஜனங்கள் நினைப்பார்கள்.

பரிசோதனைக்கு வந்தால் வழி இருக்கிறது. 2004 முதல் கூட்டு மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தால், தாம்பத்திய உறவில் பரவுவதில்லை. ஜிம்பாப்வே 2022இல் தன் எச்.ஐ.வி. குற்றப்பிரிவையே நீக்கிவிட்டது.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. சம்மதமில்லாமல் பரிசோதிக்கக்கூடாது, வேலைக்கு எடுக்கப் பரிசோதனை கேட்கக்கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும்.

கம்பெனி நடத்தும் சபையார் இங்கே அநேகர் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியில் அந்த அலுவலர் யார்? செக்கிங் பகுதியில் நிற்கும் பெண்ணுக்கு அவர் பெயர் தெரியுமா?