காற்றாலைக்குக் கடன் வாங்கிய ஊராட்சி



ஓடந்துறை ஊராட்சியின் காற்றாலையைப் பார்க்க ஓடந்துறைக்குப் போனால் ஏமாற்றம்தான். ஊர் இருப்பது மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி அடிவாரத்தில். காற்றாலை நிற்பதோ உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அங்கேதான் வலுவாக அடிக்கும். ஆலையை அங்கே நட்டு, மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிட்டு, கணக்கை ஊரில் நேர்செய்துகொள்ளலாம் என்று ஓர் ஊராட்சி மன்றம் துணிந்தது. ஆலை 2006-ல் சுழலத் தொடங்கியது. சிற்றூர்களின் தூய ஆற்றல் திட்டங்களுக்கு நிதி தேடும் இந்தக் கருத்தரங்கு அந்தத் துணிவிலிருந்து பேச்சைத் தொடங்குவதே பொருத்தம்.

350 கிலோவாட் ஆலை, விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சி தன் வருவாயில் மிச்சம் பிடித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1.15 கோடிக்கு வங்கிக் கடன். 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில் போட்ட திட்டம் இது. குடிநீர்த் திட்டம் விரிய விரிய, மோட்டார் ஓட்டுவதற்கான மின்கட்டணம் ஊராட்சியின் வரவைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் தெருவிளக்குக்குச் சூரிய ஒளியையும், தண்ணீர் இறைக்க மரக்கழிவை எரிவாயுவாக்கும் சிறு கலனையும் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் காற்றாலை. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் வரும், ஊருக்கு வேண்டியது 4.5 லட்சம், மிஞ்சுவதை மின்வாரியம் வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. கடனும் அந்த வருமானத்திலிருந்தே அடைந்தது.

வங்கியில் போய் உட்கார்ந்தபோது எடுத்துக் காட்ட ஊராட்சியிடம் ஒரு வரவு செலவுப் புத்தகம் இருந்தது. 40 லட்சத்தைச் சேர்த்த கை தவணையையும் கட்டும் என்று நம்ப அது போதும்.

பெரும்பாலான சிற்றூர்கள் வங்கி வாசல்வரைகூட வந்து சேர்வதில்லை. நூறு கோடித் திட்டத்தை அலச எத்தனை அதிகாரி, எத்தனை வக்கீல், எத்தனை பொறியாளர் வேண்டுமோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் ஒரு கோடித் திட்டத்துக்கும் வேண்டும். வங்கிக்குக் கட்டுப்படியாகாது. அதற்கும் முன்னால், நீர்மின் திட்டமென்றால் ஓடையில் கோடையிலும் நீர் ஓடுமா என்று அளக்கவும், திட்ட அறிக்கை எழுதவும், அனுமதிக்கு அலையவும் ஆகிற முதல் சில லட்சங்களுக்கு யாரும் கடன் தருவதில்லை. திட்டம் தேறுமா என்று தெரியும் முன்பே கரைந்துவிடக்கூடிய பணம் அது. அரசின் மானியம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான். இன்றோ அது பெரும்பாலும் கருவி வாங்கும் கட்டத்தில், திறப்பு விழாவுக்குச் சற்று முன்னால் வந்து நிற்கிறது.

விழாவுக்குப் பின் என்ன நடக்கும் என்பதைப் பீகாரின் தர்னை கிராமத்தில் பார்க்கலாம். 2014-ல் கிரீன்பீஸ் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அங்கே அமைத்தது. பல்லாண்டு இருட்டில் கிடந்த ஊருக்கு வெளிச்சம் வந்தது, நாடே பேசியது. பின்னாலேயே அரசு மின்கம்பியும் வந்தது, சூரிய மின்சாரத்தைவிட மலிவான கட்டணத்தோடு. நிலையத்துக்குக் காசு கட்டுவோர் குறைந்தார்கள். பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்றப் பணம் இல்லை, நிலையம் நின்றுபோனது. அந்த ஊர் மக்களைக் குறை சொல்வது அநியாயம். மலிவாகக் கிடைப்பதைத்தானே எந்த வீடும் வாங்கும்? கம்பி வரும் நாளுக்கு என்ன ஏற்பாடு என்று முதலீட்டின்போதே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வங்கதேசம் வேறு வழியில் போனது. உலக வங்கி உதவியோடு 2003-ல் ஐடிகால் என்ற நிதி நிறுவனம் தொடங்கிய திட்டத்தில், வீட்டுக்காரர் சிறு முன்பணம் கட்டிக் கூரையில் சூரியத் தகடு பொருத்திக்கொண்டார். மீதி மாதத் தவணை. தவணை வாங்க வந்தவர்களே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போனார்கள். விளக்கு எரியாத வீட்டில் தவணை கேட்க முடியாதல்லவா! இப்படி 40 லட்சம் வீடுகளுக்கு வெளிச்சம் போனது.

பராமரிப்பை ஊரே ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஐக் தீவில் சுமார் நூறு பேர்தான். 2008 பிப்ரவரிவரை பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரே துணை. ஐரோப்பிய நிதி, லாட்டரி நிதி, தீவாரின் சொந்தப் பணம் என்று 16 லட்சம் பவுண்டு திரட்டி, ஓடை, காற்று, வெயில் மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்தார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட் வரம்பு. கெட்டிலும் சலவை இயந்திரமும் ஒன்றாக ஓடலாம். வரம்பு மீறினால் பட்டென்று மின்சாரம் நிற்கும். திரும்ப இணைக்க 20 பவுண்டு தண்டம். மழையும் காற்றும் மிகுந்து மின்சாரம் மிஞ்சும் நாளில் ஊர்க்கூடத்து ஹீட்டர்கள் எரியும்; வருகிறவர்கள் காசில்லாமல் குளிர்காய்வார்கள். பழுது பார்ப்பவர்களும் தீவுக்காரர்களே.

இங்கே கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் தலைமையின் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும், எந்த ஊர்த் திட்டத்தைப் பற்றியதானாலும், ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். பேட்டரி ஓயும் ஆண்டில் புதியதை வாங்கும் பணம் எந்தக் கணக்கில், யார் கையெழுத்தில் இருக்கும் என்பதை அதில் எழுதுங்கள். பிற்பகல் அமர்வில் அந்தப் பக்கங்களை மட்டும் வரிசையாக வாசிப்போம்.