கட்டி என்றாலே புற்றுநோயா?

(அம்பாங்கில் ஆற்றிய மருத்துவ உரை)



வேலைக்குச் சேருமுன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறோம். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "நெஞ்சில் ஒரு கட்டி தெரிகிறது" என்கிறார். அவ்வளவுதான், அன்று வீட்டில் அடுப்பு எரிவதில்லை. எக்ஸ்ரே காட்டுவது நிழலைத்தான். அந்த நிழல் இன்னதென்று பெயர் சொல்ல அதனால் இயலாது.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் பெஞ்சமின் காசில்மேனும் அவருடைய சகாக்களும் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நுரையீரல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அவர்களுக்குக் கட்டி இருந்தது. தைமஸ் சுரப்பிக் கட்டி என்று எவரும் எண்ணக்கூடிய தோற்றம். ஆராய்ந்து பார்த்தால், அளவுக்கு மீறிப் பெருத்த நிணநீர்க் கணு! புற்றுநோய் அல்ல. இன்று அதற்குக் காசில்மேன் நோய் என்றே பெயர். ஓரிடத்தில் மட்டும் இருந்தால், முழுதாக அகற்றியபின் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். பல இடங்களில் தோன்றும் வகை கடுமையானது. அதற்கு மருந்துச் சிகிச்சை தேவை.

இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு பல வேளைகளில் போதாது. கணுவின் அமைப்பை முழுமையாகப் பார்த்தால்தான் நிணநீர்ப் புற்றிலிருந்து பிரித்தறிய முடியும். இரத்த ஓட்டம் மிகுந்த கட்டியாதலால் அறுவை மருத்துவர் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் பார்த்து ஆயத்தமாக வேண்டும்.

இது அபூர்வம். நம் நாட்டில் நாம் முதலில் நினைக்க வேண்டியது காசநோயை. மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் காண்கிறது. அதுவும் நுரையீரலில் உருண்டையாகத் திரண்டு புற்றுநோய் போல வேடம் போடும். பகாங் சாலையிலுள்ள சுவாச மருத்துவக் கழகம் ஒரு காலத்தில் தேசியக் காசநோய் மையமாக இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள்.

பழைய எக்ஸ்ரே படங்களைத் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். நுரையீரலிலுள்ள ஒரு திண்மையான சிறு கட்டி இரண்டு ஆண்டுகளாக வளரவே இல்லையென்றால், அது பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு பழைய படம் ஓர் அறுவையையே தவிர்க்கக்கூடும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்லித் திசுப் பரிசோதனைக்கு மறுக்கிறவர்கள் நம்மிடையே அதிகம். மறுத்தபின் நடப்பதென்ன? புற்றுநோயானால் மாதங்கள் வீணாகின்றன. காசநோயானால் வீட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கும் தொற்றுகிறது. ஒன்றுமில்லாத கட்டியானால், மனிதர் பயத்திலேயே பாதியாகிவிடுகிறார். அம்பாளுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், யார் வேண்டாமென்பது? பரிசோதனைக்குக் குறித்த நாளில் மருத்துவமனைக்கும் போய்விடுங்கள்.

நம் அம்பாங் மருத்துவமனையே நாட்டின் இரத்தவியல் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மையம். நிணநீர்க் கணு நோய்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஆயினும் தனியாக வாழும் முதியவருக்கு அங்கே போகவும் துணை வேண்டும். அறவாரியம் ஒரு வண்டியும் கூடச் செல்ல இரண்டு தொண்டர்களும் ஏற்பாடு செய்ய, நன்கொடையாளர்கள் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.